தொட்டுக்க என்ன?

எனக்கு நோயாளி உத்தியோகம் கிடைத்ததற்குக் காரணம் எங்கள் கட்டடத்து லிஃப்ட்.

புனே விஷ்ராந்த்வாடியில் நாங்கள் இருப்பது நான்காவது மாடி. லிஃப்ட் கெட்டுப் போய்ப் பல நாளாகியும் சொஸைட்டி செகரெட்டரி, "ஹோ ஜாயேகா மேடம், ஹோ ஜாயேகா" என்று, ஆகிவிடும் என்கிற ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். ரிட்டயர் ஆகும்வரை கணக்கு டீச்சராக இருந்தவள் நான். வீட்டுப்பாடம் எங்கே என்றால் "நாளைக்கு டீச்சர்" என்று இளிக்கிற பையன்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன்! ஒரு நாள் காய்கறிப் பையோடு ஏறிக்கொண்டிருந்தபோது செகரெட்டரி எதிரே இறங்கி வருவதைப் பார்த்தேன். இரண்டாவது மாடிப் படியில் அப்படியே உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கண்ணை மேலே செருகினேன். பையிலிருந்த தக்காளி ஒவ்வொன்றாகப் படியில் உருண்டு போனது தானாக நடந்தது. அதற்கு நான் பொறுப்பில்லை. மனிதர் வெளிறிப் போய்த் தண்ணீர், தண்ணீர் என்று மராத்தியில் அலறினார். அன்று சாயங்காலமே லிஃப்ட் ஓடியது.

அந்தக் கூட்டத்தில் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தவள், ஐந்தாவது மாடியில் குடியிருக்கும் சென்னைப் பெண். நர்ஸிங் காலேஜில் டியூட்டர், பாடம் எடுக்கிறவள். எல்லோரும் போகும்வரை வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, அப்புறம் என் காதோடு சொன்னாள்: "பல்ஸ் எழுபத்திரண்டு. மூச்சு நார்மல். டீச்சர், இவ்ளோ நல்லா நடிக்கற ஆளத்தான் நான் ஊரெல்லாம் தேடிட்டிருக்கேன். நீங்க என்னடான்னா படிக்கட்டுல உக்காந்துட்டு இருக்கீங்க!"

விஷயம் இதுதான். அவர்கள் காலேஜில் பிள்ளைகளை நிஜ நோயாளிகளிடம் அனுப்புவதற்கு முன்னால் பொய் நோயாளிகளிடம் பழக்குவார்களாம். ஒரு கட்டில், அதில் ஒரு ஆள். அந்த ஆளுக்கு என்ன உடம்பு, எதைச் சொல்ல வேண்டும், எதை மறைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மாணவி வந்து கேட்க வேண்டும், பார்க்க வேண்டும், தொட வேண்டும், என்ன கோளாறு என்று கண்டுபிடிக்க வேண்டும். "ஊசி போடறத பொம்மைல கத்துக்கலாம் டீச்சர். கேள்வி கேக்கறத பொம்மைகிட்ட கத்துக்க முடியுமா?" என்றாள்.

என் வீட்டுக்காரர் திருநெல்வேலிக்காரர். நானும்தான். எத்தனை வருஷம் புனேயில் இருந்தாலும் எங்கள் வாய் மட்டும் ஊரிலேயே இருக்கிறது. அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "இவளுக்கு நடிக்க வேற சொல்லிக் குடுக்கணுமாக்கும்? தலவலிக்குன்னு சொல்லிச் சொல்லியே எங்க அக்கா வீட்டுக்கு வராம வருசத்த ஓட்டிட்டால்லா" என்றார். நான் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் ஒருவேளை யோசித்திருப்பேன்.

முதல் முதலில் எனக்குக் கொடுத்தது அரை மயக்கத்தில் கிடக்கும் நோயாளி வேஷம். சுலபம் என்று நினைத்துப் படுத்தேன். ஒரு பெண் வந்து என் நாடியைக் கால் நிமிஷம் எண்ணினாள். பிறகு தனக்குள்ளேயே ஹிந்தியில், "பதினெட்டு, இன்டூ நாலு, அறுபத்திரண்டு" என்று முணுமுணுத்து எழுதப் போனாள். என்னால் பொறுக்க முடியுமா? மயக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்து, "எழுபத்திரண்டு!" என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் வீல் என்று அலறி டிரேயைப் போட்டாள். பக்கத்துக் கட்டிலில் பிரசவ வலியில் இருந்த அம்மாள் எழுந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அப்புறம் என்னை மயங்க விடவில்லை. வயிற்றுவலி கொடுத்தார்கள். "வலி எவ்வளவு, பத்துக்கு எத்தனை?" என்று எல்லாப் பெண்களும் கேட்டார்கள். நான் நன்றாகத் துடிதுடித்துவிட்டு, "நாலு" என்றேன். டியூட்டர் பெண் என்னை ஓரமாக அழைத்துப் போனாள்.

"டீச்சர், குடல்வால் வெடிக்கப் போற கேஸ் இது. எட்டு, ஒம்பதுன்னு சொல்லணும்."

"ஒம்பதா? எந்தப் பிள்ளைக்கும் நான் சும்மா ஒம்பது போட்டதில்ல. வலிக்கு மட்டும் தூக்கிக் குடுத்துருவனா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் என்னை விடவும் மனசில்லை. ஏனென்றால் ஒரு வேஷத்தில் என்னை அடிக்க ஆளே கிடையாது. உடம்புக்கு எதுவுமே இல்லை என்று சாதிக்கிற அம்மாள் வேஷம். அதற்கு அவள் சொல்லிக் கொடுத்த விதி ஒன்றே ஒன்று. முதல் தடவை கேட்டால் "ஒண்ணுமில்ல" என்று சொல்ல வேண்டும். விடாமல் இரண்டாவது தடவை கேட்டால் உண்மையைச் சொல்லலாம். "நம்ம ஊரு அம்மாக்கள் எல்லாரும் அப்படித்தானே டீச்சர். அதுக்குத்தான் இது" என்றாள்.

அந்த வேஷத்தில்தான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

தமிழ்ப் பெண். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒல்லியாக, வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவளாக இருந்தாள். அன்றைய கதைப்படி நான் பாத்ரூமில் விழுந்து இடுப்பில் அடிபட்டு, மருமகளுக்குத் தெரிந்தால் ரகளை என்று மறைக்கிறவள். பரீட்சை ஹிந்தியில்தான் நடக்கும். நான் கட்டிலில் புரளும்போது "அம்மாடி" என்று முனகியதைக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"நீங்க தமிழா ஆண்ட்டி? எங்கயாவது வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல."

"சரி ஆண்ட்டி" என்று எழுதிக்கொண்டாள்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"இல்ல."

"சரி ஆண்ட்டி."

கேட்டாள், எழுதினாள், நன்றி சொன்னாள், போர்வையைக் கழுத்துவரை அன்பாக இழுத்துவிட்டாள், போய்விட்டாள். அந்தப் போர்வைக்குள்ளே இடுப்பில் நாவல்பழ நிறத்தில் சாயம் பூசி இவ்வளவு பெரிய காயம் போட்டுவைத்திருந்தார்கள். அதை மூடிவிட்டுப் போகிறாள்! பிள்ளை ஃபெயில்.

அன்று மத்தியானம் டியூட்டர் சொன்னாள்: "புத்தகத்துல கேட்டா கடகடன்னு சொல்லுவா டீச்சர். ஆனா பெரியவங்க இல்லன்னு சொல்லிட்டா அதுக்கு மேல கேக்கறது எதிர்த்துப் பேசறதுன்னு வீட்ல வளர்த்திருக்காங்க. இன்னொரு சான்ஸ்தான் இருக்கு. அதுலயும் போச்சுன்னா படிப்பு போதும்னு அவங்கப்பா சொல்லிட்டாராம். அவர் தளேகாவ்ல ஃபேக்டரில இருக்கார். அங்கயே பேக்கிங் லைன்ல சேத்து விட்டுடுவேன்னு."

நான் என்ன செய்ய முடியும்? ஒரு கேள்வியை முன்கூட்டி யாருக்கும் சொன்னதில்லை என்பதுதான் என் முப்பது வருஷ சர்வீஸில் நான் பெருமைப்பட்டுக்கொள்கிற ஒரே விஷயம். சொந்த மகன் என் வகுப்பில் படித்தபோதே சொல்லவில்லை. அவன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

இதற்கிடையில் டியூட்டர் பெண் ஒரு ராத்திரி எங்கள் வீட்டில் சாப்பிட்டாள். என் வீட்டுக்காரருக்கு ரத்தக்கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலில் உப்பே கிடையாது என்று நான் பீற்றிக்கொண்டேன். சாம்பாரில் இல்லை, ரசத்தில் இல்லை, தயிர் சாதத்தில் இல்லை. அவளும் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஆமா டீச்சர், சுத்தமா இல்ல" என்று கண்கலங்க ஒத்துக்கொண்டாள். அப்புறம் அவள் பார்வை அவர் தட்டுக்குப் போனது. நடுவில் உப்பில்லாத சாதம். சுற்றிலும் பொரித்த மோர்மிளகாய், நார்த்தங்காய், மாவடு, அப்பளம், கூழ்வடகம்.

"இதெல்லாம்?"

"இதெல்லாம் தொட்டுக்கம்மா. இதச் சாப்பாட்டுல சேப்பாங்களா யாராவது?" என்றேன்.

அவள் சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. மறுநாளே அதை ஒரு கேஸாக எழுதிவிட்டாள்: கால் வீக்கம், மேல்மூச்சு, உப்பைத் தொடுவதே இல்லை என்று சத்தியம் பண்ணுகிற அம்மாள். மாணவி கண்டுபிடிக்க வேண்டியது ஊறுகாயை. என் சாப்பாட்டு மேஜையையே கேள்வித்தாள் ஆக்கிவிட்டாளே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம். இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. வீட்டில் மோர்மிளகாய் டப்பாவை நிறுத்தினேனா என்றால், அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றினேன்.

மறுபரீட்சைக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது அந்த ஒல்லிப் பெண் ஐந்தாவது மாடிக்கு ஏதோ கையெழுத்து வாங்க வந்தாள். டியூட்டர் வீட்டில் இல்லை. என் வீட்டுக் கதவு திறந்திருந்ததால் மாட்டிக்கொண்டாள். உள்ளே உட்காரவைத்தேன். அவளுக்கு என்னைப் பார்த்து நடுக்கம். எனக்கு அவளிடம் எதைப் பேசினாலும் கேள்வி வெளியே வந்துவிடுமோ என்று பயம். அதனால் இருவரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"காபி சாப்பிடுதியா?"

"வேண்டாம் ஆண்ட்டி."

"கொஞ்சூண்டு."

"இல்ல ஆண்ட்டி, இப்பதான் குடிச்சேன்."

"அரை டம்ளர் தாரேன்."

"ஐயோ, வேண்டாம்."

"ஒரு வாய் குடிச்சா என்ன ஆயிருது?"

கொண்டுவந்து வைத்தேன். முழு டம்ளர். மடமடவென்று குடித்தாள். பாவம், நல்ல பசி போலிருக்கிறது. இரண்டு முறுக்கும் உள்ளே போனது. அப்புறம் காலி டம்ளரைப் பார்த்துக்கொண்டு, "நான் வேண்டாம்னு சொன்னேனே ஆண்ட்டி" என்றாள்.

"சொல்லுவ. மொதல்ல வேண்டாம்னு சொல்லத்தான் செய்வாங்க. அத நம்பிக்கிட்டு டம்ளரக் கவுத்துருவாங்களா?"

டம்ளரைத் தேய்த்து வைக்கிறேன் என்று எழுந்தாள். நான் வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "குடுங்க ஆண்ட்டி" என்று பிடுங்கிக்கொண்டு போய்த் தேய்த்தாள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று நினைத்ததோடு சரி. வேறெதுவும் எனக்கு உறைக்கவில்லை.

பரீட்சை நாளன்று டியூட்டர் என் காலில் வீக்கம் வைத்தாள். எதை வைத்து என்றால், சப்பாத்தி மாவு. கெட்டியாகப் பிசைந்து கணுக்காலைச் சுற்றி அப்பி, மேலே தோல் நிறத்தில் சாக்ஸ். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். நிஜ நீர் வீக்கமும் அப்படித்தான் நிற்குமாம். வீட்டிலிருந்து மாவு பிசைந்து கொண்டுபோனது நான்தான். "கால்ல கட்டுனது போக மிச்சத்த ராத்திரிக்கு வச்சிரு" என்றார் என் வீட்டுக்காரர்.

காலையில் நாலைந்து பெண்கள் வந்து கேட்டுவிட்டுப் போனபின் சின்ன இடைவேளை. மாவுக் காலோடு நொண்டி நொண்டி வாசல் வேப்பமரத்தடிக்குப் போனேன். அங்கே பெஞ்சியில் ஒருவர் மடியில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார். என் காலைப் பார்த்ததும் பதறி எழுந்து இடம் விட்டார்.

"உக்காருங்கம்மா, உக்காருங்க. தமிழா? நல்லதாப் போச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களா? இது காலேஜும்மா."

"தெரியும். நீங்க?"

"பொண்ணுக்குப் பரீட்சை. அரை நாள் லீவு போட்டுட்டு தளேகாவ்லேருந்து வரேன். போன தடவ நல்லாத்தான் எழுதியிருப்பா. நோயாளின்னு ஒரு பொம்பள வந்துதாம். வாயத் தொறந்து ஒரு வார்த்த உண்மை சொல்லலியாம். அது ஃபெயில் பண்ணிவிட்டுடுச்சு. எவ்ளோ கல்நெஞ்சு பாருங்க!"

நான் மாவுக் காலைப் பெஞ்சிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். "அப்படியா?" என்றேன்.

"இன்னிக்கும் போச்சுன்னா நாளைக்கே ஃபேக்டரில சேத்துடுவேம்மா. ஆள் கேட்டிருக்காங்க, சொல்லி வச்சிருக்கேன். ஆசையாத்தான் சேத்தேன். ஆனா அவளுக்கு வாய் இல்ல. நர்ஸுக்கு வாய் வேணுமில்ல? பேக்கிங்ல வாய் வேணாம். பெட்டிய ஒட்டிட்டே இருக்கலாம்."

திட்டலாம் என்றுதான் வாயெடுத்தேன். ஆனால் அவர் கை அந்த ஹெல்மெட்டைத் துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தது. இந்த மனிதருக்கும் பயம்தான் என்று தெரிந்து வாயை மூடிக்கொண்டேன். உள்ளே கூப்பிட்டார்கள். நொண்டிக்கொண்டு போனேன். "பாத்துப் போங்கம்மா" என்றார் பின்னாலிருந்து.

வெளிக் காலேஜிலிருந்து வந்திருந்த மராத்திக்கார எக்ஸாமினர் அம்மாள் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். அவர் பக்கத்தில் நம் டியூட்டர், தமிழ் பேசினால் மொழிபெயர்க்க. நான் கட்டிலில் தலையணையில் சாய்ந்துகொண்டேன். அந்தப் பெண் உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. கடவுளே, மறுபடியும் இவளா என்று நினைத்திருப்பாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

கையைக் கழுவினாள். வணக்கம் சொன்னாள். என் காலை அழுத்தினாள், குழி விழுந்தது. "கால்ல வீக்கம் இருக்கு ஆண்ட்டி. நடந்தா மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்ல."

அவள் உதடு குவிந்தது. அந்தப் பாழாய்ப்போன 'சரி' வாசல்வரை வந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. முழுங்குடி, முழுங்குடி என்று மனசுக்குள் கத்தினேன். எத்தனையோ வருஷம் பரீட்சை ஹாலில் நடந்திருக்கிறேன், ஒரு நாள்கூட என் உள்ளங்கை அப்படி வியர்த்ததில்லை. ஒரு கண்ஜாடை காட்டினால் போதும். காட்டவில்லை.

அவள் ஸ்டூலைக் கட்டிலுக்கு நெருக்கி இழுத்தாள். முன்னால் குனிந்தாள்.

"கொஞ்சூண்டு?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டதில் விதி மறந்து வாய் தானாகச் சொன்னது:

"கொஞ்சம்கூட இல்ல."

"ஒரே ஒரு மாடி ஏறினா?"

"ஒரு மாடின்னா... லேசா வாங்கும்."

"இன்னொரு மாடி?"

"ஐயோ, போதும்மா. அதுக்கு மேல தாங்காது. நின்னு நின்னுதான் போவேன்."

"ராத்திரி படுக்கும்போது தலைகாணி எத்தன?"

"ரெண்டு."

"ரெண்டு போதுமா? கூச்சப்படாதீங்க ஆண்ட்டி."

"மூணுதான் வச்சுக்கோயேன்."

எக்ஸாமினர் அம்மாள் பேனாவை நிறுத்திவிட்டு, இந்தப் பெண் என்ன செய்கிறாள் என்று டியூட்டரிடம் கேட்டார். டியூட்டருக்குச் சிரிப்பை அடக்குவதே பெரும்பாடு. பந்தியில் பரிமாறுகிற மாதிரி கேட்கிறாள் என்று எப்படித்தான் மராத்தியில் சொன்னாளோ.

அந்த நேரம் பார்த்து என் காலில் சுருக் என்றது. குனிந்து பார்த்தால், கட்டில் காலிலிருந்து எறும்புகள் வரிசையாக ஏறி என் மாவு வீக்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தன. நோயாளி துள்ளக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அந்தப் பெண்ணும் பார்த்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு ரொம்பப் பொறுப்பாக, "சுகர் செக் பண்ணியிருக்கீங்களா ஆண்ட்டி?" என்று கேட்டாள். எக்ஸாமினர் சட்டென்று ஏதோ குறித்துக்கொண்டார். அந்தக் கேள்விக்கும் மார்க் இருந்திருக்கிறது!

"சுகர் இல்லம்மா. எறும்ப மட்டும் கொஞ்சம் தட்டி விடு."

தட்டிவிட்டாள். "உப்பு சேக்கறீங்களா?"

"தொடறதே இல்ல. டாக்டர் சொன்னதுலேருந்து நிப்பாட்டியாச்சு."

"கொஞ்சம்கூட?"

"ஒரு கல்லுகூட." இதை இரண்டாவது தடவை கேட்டாலும் நான் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அப்படி நம்புகிறாள். கேஸின் முடிச்சே அதுதான்.

"நேத்து மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"தயிர் சாதம்."

"அதுல உப்பு?"

"கிடையாது."

எக்ஸாமினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண் என் காலைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அவள் நெற்றி சுருங்கியது. நர்ஸ் முகம் போய், வீட்டில் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளை முகம் வந்தது.

"உப்பில்லாத தயிர் சாதம் எப்படி ஆண்ட்டி உள்ள எறங்கிச்சு? தொட்டுக்க என்ன?"

ஐயா, என்ன சொல்ல! கட்டிலிலிருந்து குதித்து அவளைக் கட்டிக்கொள்ளாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கதைப்படி நான் ஊறுகாய் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் மடை திறந்துவிட்டேன். "மோர்மிளகா நாலு. நார்த்தங்கா. மாவடு. அப்பளம் ரெண்டு. கூழ்வடகம். கடைசில மோருக்கு ஒரு எலுமிச்சங்கா ஊறுகா. ஆனா அதெல்லாம் சாப்பாட்டுல சேராதேம்மா!"

"ஆண்ட்டி!" என்று வாயில் கை வைத்தாள். "உப்பு பூரா அங்கதானே இருக்கு!"

டியூட்டர் மொழிபெயர்த்தாள். மராத்திக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அவர்கள் தட்டிலும் இடது ஓரத்தில் சட்னி, ஊறுகாய், பச்சைமிளகாய் டேச்சா என்று ஒரு தனி ராஜ்ஜியம் உண்டு, அதையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. எக்ஸாமினர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என் மாமியாரும் இதேதான், இதேதான்!" என்று மராத்தியில் சொல்லிச் சிரித்தார். காலையிலிருந்து வந்த அத்தனை பெண்களும் வீட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள்தான். வெள்ளைக் கோட்டைப் போட்டதும் மறந்துவிட்டார்கள், இவளைத் தவிர.

கடைசியில் நோயாளியும் மாணவிக்கு மார்க் போட வேண்டும். நான் பத்துக்கு எட்டு போட்டேன். டியூட்டர் அதைப் பார்த்துவிட்டு, "டீச்சர், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

பாஸ் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். அந்தப் பெண் வெளியே ஓடினாள். நானும் எறும்புகளோடு பின்னால் நொண்டினேன். வேப்பமரத்தடியில் அப்பா ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாருங்கம்மா, பாஸாம்! பேக்கிங் லைனும் வேணாம், ஒண்ணும் வேணாம்!" என்றார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர்.

"அப்பா, இவங்கதான் அந்தப் பேஷண்ட்" என்றாள் பெண்.

மனிதர் பேய் முழி முழித்தார். என் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஹெல்மெட்டோடு குனிந்து கும்பிட்டதில் அது வந்து என் வயிற்றில் முட்டியது. நான் அழுதுகொண்டே சிரித்தேன். சந்தோஷம் வந்தால் அழுதுவிட்டுப் போகிறேன், கணக்கு டீச்சர் அழக்கூடாது என்று சட்டமா என்ன?

இது நடந்து சில மாதம் கழித்து, அடுத்த வருஷப் படிப்புக்குப் போன பிள்ளைகளை வீடு வீடாக அனுப்பினார்கள். இந்தத் தடவை பொய் நோயாளி கிடையாது, நிஜ வீடு, நிஜ ரத்தக்கொதிப்பு. ஒரு நாள் மத்தியானம் பால்கனியில் நின்றிருந்த என் வீட்டுக்காரர் உள்ளே ஓடிவந்தார்.

"ஏட்டி! அந்த ஒல்லிப் பிள்ள கேட்டத் தொறந்துட்டு வருது! கையில பிபி மிஷின் இருக்கு!"

"லிஃப்ட் திரும்பவும் ஓடலல்லா? நாலு மாடி ஏறணும். சீக்கிரம்!"

மேல்தட்டிலிருந்து மோர்மிளகாய் டப்பா, நார்த்தங்காய் பாட்டில், மாவடு ஜாடி, அப்பளக் கட்டு எல்லாவற்றையும் வாரி, வாஷிங் மெஷினுக்குள் போட்டு மூடினோம். மேலே ஒரு துண்டையும் போட்டார் அவர். மணி அடித்தது.

மேல்மூச்சு வாங்க வந்தாள். கை கழுவினாள். அவருக்கு பிபி பார்த்தாள், வந்த எண் அவளுக்குப் பிடிக்கவில்லை.

"உப்பு?"

"தொடுறதே இல்ல" என்றோம் இருவரும் சேர்ந்து.

"தொட்டுக்க?"

"ஒண்ணுமில்ல" என்றேன். பேச்சை மாற்ற, "காபி சாப்பிடுதியா?" என்றும் கேட்டேன்.

"அப்புறம் ஆண்ட்டி" என்றாள். பேனாவை மூடினாள். நாற்காலியை எங்கள் பக்கமாக நெருக்கி இழுத்துப்போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "அவசரமில்ல. இன்னொரு தடவ கேக்கறேன்."

என் வீட்டுக்காரர் எழுந்து போய் வாஷிங் மெஷினைத் திறந்தார்.